ஒரே பாட்டு, மூன்று முதலிடம்

(சென்ற இதழில் அமெரிக்கப் பாடகர் கென்னி ராஜர்ஸைப் பற்றி எழுதும்போது, பாடகி டாலி பார்ட்டனோடு அவர் பாடிய ‘ஐலண்ட்ஸ் இன் தி ஸ்ட்ரீம்’ டூயட்டை ஒரே வரியில் தாண்டிப் போனேன். வந்த கடிதங்களில் பாதி அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்கின்றன. எனவே இந்த வாரப் பக்கம் முழுவதும் அந்தப் பாட்டுக்கே.)

கே: ‘மூன்று பட்டியலிலும் முதலிடம்’ என்று எழுதினீர்கள். ஒரே பத்திரிகைக்கு எதற்கு ஐயா மூன்று பட்டியல்?
(வாசகர், பாளையங்கோட்டை)

ப: ஊரில் மூன்று கோயில் இருந்தால் மூன்றிலும் முதல் மரியாதை உண்டு, அதை வாங்கும் குடும்பம்தான் வேறு வேறு. அமெரிக்காவின் பில்போர்ட் பத்திரிகையிலும் அப்படித்தான். 1958-இல் தொடங்கிய ‘ஹாட் 100’ எல்லா வகைப் பாட்டுக்கும் பொது. கன்ட்ரி என்னும் அமெரிக்கக் கிராமப்புற இசைக்கு ஒரு தனிப் பட்டியல். மூன்றாவது ‘அடல்ட் கன்டெம்பரரி’. அலறல் இல்லாத, சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருக்கும்போது கேட்கத் தோதான பாட்டுகளைப் போடும் வானொலி நிலையங்களின் பட்டியல் அது. 1983-இல் இந்த மூன்று கோயிலிலும் ஒரே ஜோடிக்குப் பரிவட்டம் கட்டினார்கள்.

அக்டோபர் 29 தேதியிட்ட ஹாட் 100-இல், நான்கு வாரமாக நாற்காலியை விடாதிருந்த பானி டைலரை எழுப்பிவிட்டு இந்தப் பாட்டு ஏறி அமர்ந்தது. இரண்டு வாரம் இருந்தது. பிறகு இறக்கியவர் லயனல் ரிச்சி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கென்னிக்கு ஹாட் 100-இல் முதன்முதலாக முதலிடம் வாங்கித் தந்த 1980-ஆம் ஆண்டுப் பாட்டு ‘லேடி’யை எழுதிக் கொடுத்தவரே இந்த ரிச்சிதான். ஏற்றிவிட்ட கையே இறக்கியும் விட்டது.

அன்றைக்குக் கணக்கெடுத்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். கடைக்காரர்களிடம் எந்தத் தட்டு நன்றாகப் போகிறது என்று கேட்பார்கள். வானொலி நிலையங்களிடம் எந்தப் பாட்டைப் போடுகிறீர்கள் என்று கேட்பார்கள். சொன்னதுதான் கணக்கு. 1991-இல்தான் கடைக் கல்லாவில் பார்கோடு பதிவதை வைத்து எண்ண ஆரம்பித்தார்கள். எண்ணியவுடன் கன்ட்ரி ஆல்பங்கள் குபீரென்று மேலே வந்தன. அந்த ஆண்டு செப்டம்பரில் கார்த் புரூக்ஸின் ஆல்பம் வெளியான வாரமே முதலிடம். அதுவரை கடைப் பையன்கள் தங்களுக்குப் பிடித்த ராக் தட்டுகளை ஒரு படி கூட்டிச் சொல்லி வந்தார்கள் என்றே நான் நினைக்கிறேன். அப்படிப்பட்ட காலத்தில் ஒரு கன்ட்ரி ஜோடி உச்சிக்குப் போனது என்றால், விற்பனை மறைக்க முடியாத அளவுக்கு இருந்திருக்க வேண்டும். இருந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் இருபது லட்சம் பிரதி தாண்டியதற்கான பிளாட்டினம் சான்று கிடைத்துவிட்டது.

கே: அது உண்மையில் கன்ட்ரி பாட்டுதானா? எனக்கு டிஸ்கோ வாடை அடிக்கிறது.
(வாசகி, தஞ்சாவூர்)

ப: உங்கள் மூக்குக்கு நூற்றுக்கு நூறு. பாட்டை எழுதியவர்கள் பீ ஜீஸ் சகோதரர்கள்: பாரி, ராபின், மாரிஸ் கிப். டிஸ்கோ என்றாலே நினைவுக்கு வரும் மூவர். 1979 ஜூலையில் சிகாகோவின் பேஸ்பால் மைதானம் ஒன்றில் டிஸ்கோ தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்த வெறுப்பு அலையில் இவர்களுடைய பாட்டை வானொலி நிலையங்கள் ஒதுக்கின. சகோதரர்கள் சாமர்த்தியசாலிகள். முகத்தை மறைத்துக்கொண்டு பிறருக்கு எழுதத் தொடங்கினார்கள். பார்பரா ஸ்ட்ரைசாண்ட், டியான் வார்விக், அடுத்து கென்னி. இந்த மெட்டை அவர்கள் முதலில் யோசித்தது கறுப்பின மக்களின் ஆர் அண்ட் பி பாணிக்கு. தலைப்பு ஹெமிங்வேயின் நாவலிலிருந்து எடுத்தது. அவர் இறந்தபின் 1970-இல் வெளியான நாவல் அது.

ஆக, ஆங்கிலேயச் சகோதரர்கள் ஆர் அண்ட் பி-க்காகப் போட்ட மெட்டு, நாவலாசிரியரிடம் இரவல் வாங்கிய தலைப்பு. கன்ட்ரி எங்கே இருக்கிறது என்றால், பாடிய இரண்டு தொண்டையில் மட்டும். எந்தக் கோயிலுக்கும் சொந்தமில்லாத பாட்டு என்பதால்தான் மூன்றிலும் மரியாதை கிடைத்தது என்பது என் எண்ணம். பச்சைக் கன்ட்ரியாக இருந்திருந்தால் கன்ட்ரியின் தாய்வீடான டென்னஸியைத் தாண்டியிருக்காது.

இந்தப் பாட்டை ஆர் அண்ட் பி-காரர்களும் பிறகு விடவில்லை. 1998-இல் பிராஸ் இதன் பல்லவியை எடுத்து ‘கெட்டோ சூப்பர்ஸ்டார்’ என்று ராப் பாட்டாக்கினார். பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்த பெண்.

கே: டாலி இதில் எப்படி வந்தார்? முதலிலேயே இருவருக்கும் என்றுதான் எழுதினார்களா?
(வாசகர், மன்னார்குடி)

ப: இல்லை. கென்னியே பிற்காலப் பேட்டிகளில் சொன்ன கதை இது. ஒலிப்பதிவுக் கூடத்தில் நான்கு நாள் தனியாகப் பாடிப் பார்த்திருக்கிறார். பாட்டு எழுந்திருக்கவில்லை. கடைசியில் பாரி கிப்பிடம், எனக்கு இந்தப் பாட்டே இப்போது பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டார். பாரி யோசித்து, நமக்கு டாலி பார்ட்டன் வேண்டும் என்றாராம். கென்னியின் மேலாளர் கென் கிராகன் அங்கே இருந்தார். டாலியை இப்போதுதான் கீழே பார்த்தேன் என்றார். போய் அழைத்து வந்தார்கள். அவ்வளவுதான் கதை.

கீழே வேறு யாராவது இருந்திருந்தால்? கென்னி ஒன்றும் டூயட்டுக்குப் புதியவர் அல்ல. டாட்டி வெஸ்ட், கிம் கார்ன்ஸ் என்று வரிசையாகப் பாடியவர். அதே 1983-இல் ஷீனா ஈஸ்டனோடு பாடியது ஹாட் 100-இல் ஆறாம் இடம்வரை போயிருந்தது. ஆனால் டாலி வேறு ரகம். போர்ட்டர் வாக்னரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் 1967 முதல் ஏழு ஆண்டு அவரோடு ஜோடியாகப் பாடிப் பாடித் தேய்ந்த குரல். பக்கத்தில் நிற்பவர் எங்கே மூச்சு வாங்குவார் என்று தெரிந்த குரல். இன்னொன்று, என் சொந்தக் கணக்கு: கென்னி அப்போதுதான் ஆர்.சி.ஏ. இசைத்தட்டு நிறுவனத்துக்கு வந்திருந்தார், டாலி ஏற்கெனவே அங்கேதான் இருந்தார். ஒரே கம்பெனி என்றால் வக்கீல்களுக்கு வேலை குறைவு.

இன்று இரவு ஒருமுறை கேட்டுப் பாருங்கள். முதலில் கென்னி. கரகரப்பு, தொண்டைக்குள்ளேயே பாதி சொல்லை வைத்துக்கொண்டு பாடுகிறார், தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் பேசுவது போல. சில வரிகள் முடிகின்றன. அடுத்த வரியை டாலி எடுக்கிறார். ஒல்லியான, மேலே நிற்கும் குரல். அடியில் ஒரு சின்ன நடுக்கம். அவ்வளவு நேரம் கதவு சாத்திய அறையில் இருந்தோம் என்பதே அந்தக் கதவு திறந்த பிறகுதான் தெரிகிறது. பல்லவியில் இருவரும் சேரும்போது டாலி மேலே போகிறார், கென்னி தன் இடத்தைவிட்டு அசைவதே இல்லை. போட்டி போடத் தெரியாதவர் அல்ல அவர். போடவில்லை. டூயட்டில் எனக்கு மிகவும் பிடித்த குணம் இதுதான். நம் ஊர்ப் பாடகர்களிலும் சிலரிடம் மட்டுமே கேட்டிருக்கிறேன். பெயர் சொன்னால் அடுத்த வாரம் முழுக்கச் சண்டைக் கடிதமாக வரும்.

கே: இருவரும் கணவன் மனைவியா? என் மாமியார் ஆம் என்கிறார்.
(வாசகி, ஈரோடு)

ப: உங்கள் மாமியாரைப் போல அமெரிக்காவிலும் பலர் நம்பினார்கள். இல்லை அம்மா. டாலியின் கணவர் கார்ல் டீன். 1966-இல் திருமணம். தார் ரோடு போடும் தொழில் செய்தவர்; மேடைப் பக்கமே வரமாட்டார். 2025 மார்ச்சில் அவர் காலமாகும்வரை அந்த மணவாழ்க்கை நீடித்தது. கென்னியும் டாலியும் கடைசிவரை நண்பர்கள்.

உண்மையான தம்பதியின் டூயட் வேண்டுமென்றால் ஜார்ஜ் ஜோன்ஸ், டாமி வைனெட். அடகுக்கடையில் வாங்கிய கல்யாண மோதிரம், பிரிவுக்குப் பிறகு திரும்பவும் அடகுக்கடைக்கே போவதாக ஒரு பாட்டு, ‘கோல்டன் ரிங்’. 1976-இல் கன்ட்ரி பட்டியலில் முதலிடம். அதற்கு முந்தைய ஆண்டுதான் அவர்களுக்கு விவாகரத்து ஆகியிருந்தது. மாமியாரிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

கே: அதற்குப் பிறகு யாருமே இந்தச் சாதனையைச் செய்யவில்லையா?
(வாசகர், காரைக்கால்)

ப: அந்த ஜோடியாலேயே முடியவில்லை. 1985-இல் இருவரும் பாடிய ‘ரியல் லவ்’ கன்ட்ரியில் முதலிடம், ஹாட் 100-இல் 91. அதே கூட்டணி, பரிவட்டம் ஒரு கோயிலில் மட்டும். கன்ட்ரியிலும் ஹாட் 100-இலும் முதலிடம் பிடித்த அடுத்த பாட்டு லோன்ஸ்டார் குழுவின் ‘அமேஸ்ட்’. அது ஹாட் 100 உச்சியைத் தொட்டது 2000 மார்ச்சில். டூயட்டும் அல்ல.

2012-இல் விதி மாறியது. கன்ட்ரி பட்டியலுக்கு எல்லா வகை வானொலியும், இணையத்தில் கேட்பதும் சேர்த்துக் கணக்கெடுத்தார்கள். அதன் விளைவு, பீபி ரெக்ஸாவும் ஃபுளோரிடா ஜார்ஜியா லைனும் பாடிய ‘மென்ட் டு பி’ 50 வாரம் கன்ட்ரியில் முதலிடம். ஓர் ஆண்டில் வாரம் 52 தான். ஆனால் ஹாட் 100-இல் இரண்டாம் இடத்தோடு நின்றது. 2023 செப்டம்பரில் ஸாக் பிரையனும் கேசி மஸ்கிரேவ்ஸும் பாடியது வெளியான வாரமே ஹாட் 100-இல் முதலிடம். நல்ல பாட்டு. துக்கப் பாட்டு. ஒரே வாரத்தில் உச்சிக்குப் போன பாட்டையும், ஆகஸ்டில் வெளிவந்து அக்டோபர் கடைசிவரை படிப்படியாக ஏறிய பாட்டையும் ஒரே தராசில் நிறுக்க எனக்கு மனம் வரவில்லை.

கே: அந்த இசைத்தட்டு உங்களிடம் இருக்கிறதா? இருந்தால் விற்பீர்களா?
(வாசகர், புதுச்சேரி)

ப: தட்டு இல்லை. அந்தச் சிங்கிளின் (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்னத் தட்டு) மறுபக்கத்தில் கென்னி தனியாகப் பாடிய ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ இருக்கும். தலைப்பைப் பார்த்ததும் டாலி எழுதி, பின்னாளில் விட்னி ஹூஸ்டன் பாடி உலகமே அழுத பாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். அது வேறு, இது கிப் சகோதரர்களின் சரக்கு. அதே தலைப்பில் புகழ்பெற்ற பாட்டை எழுதிய அம்மாள் ஒரு பக்கத்தில் பாட, அவருடையது அல்லாத பாட்டு மறுபக்கத்தில்!

என்னிடம் இருப்பது ஒரு டி.டி.கே. 60 கேஸட். 1985-இல் திருச்சியில் வேலையில் இருந்தபோது, பாட்டுகளை வரிசையாகத் தாளில் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்யச் சொன்னேன். கடைப் பெயர் எதற்கு, ஆள் நல்லவர்தான். கென்னியும் டாலியும் முதல் பக்கத்தில் கடைசிப் பாட்டு. இரண்டாவது பல்லவி நடுவில், டாலி குரலை உயர்த்தும் இடத்தில் டேப் தீர்ந்து டொக்கென்று நின்றுவிடும். மறுநாள் போய்ச் சண்டை போட்டேன். பாக்கியை மறுபக்கத்தில் போட்டுத் தருகிறேன் என்றார் கடைக்காரர். வேண்டாம் என்று வாங்கி வந்துவிட்டேன்.

விற்பனைக்கு இல்லை.