சிகரெட்டுனா குட்டிச் சுருட்டு, ஆனா நம்ம சுருட்டுல இருந்து வந்த சொல் இல்ல

வாசகர் ஒருத்தர் கேட்டிருக்காங்க: புகைப்பழக்கத்த விடுறது பத்தி தமிழ்ல ஒரு கையேடு எழுதுறேன், சிகரெட்டுங்கிற சொல்லுக்கு என்ன அர்த்தம், சுருட்டுங்கிற தமிழ்ச் சொல்தான் சிகார், சிகரெட்டுன்னு ஆச்சுன்னு சொல்றாங்களே நிஜமா, கையேட்டுல எந்தச் சொல்லப் போடட்டும்?

அர்த்தம் ரொம்ப சிம்பிள். பிரெஞ்சுல சிகார்னா சுருட்டு, அதோட கடைசியில 'எட்'னு ஒரு ஒட்டு சேர்த்தா சின்னதுன்னு ஆயிடும், நமக்குப் பழக்கமான கேசட் கூட அதே மாதிரி சின்னப் பெட்டிங்கிற அர்த்தத்துல வந்ததுதான். சிகரெட்டுங்கிற சொல் 1830கள்ல பிரெஞ்சுல இருந்து இங்கிலீஷுக்கு வந்துச்சு, அப்புறம் 1881ல பான்சாக்னு ஒரு அமெரிக்கர் நிமிஷத்துக்கு 200 சிகரெட் சுத்துற மெஷினுக்கு பேடண்ட் வாங்கினாரு, அதுக்கப்புறம்தான் பொருளும் பேரும் உலகம் பூரா பரவுச்சு.

சிகார் எங்கிருந்து வந்துச்சுங்கிறதுதான் சுவாரசியம். ஸ்பானிஷ்ல சிகார்ரோ. அதுக்கு நடு அமெரிக்காவுல பேசுற மாயா மொழியில புகைக்கிறதக் குறிக்கிற ஒரு சொல்தான் மூலம்னு நிறையப் பேர் சொல்றாங்க, சில பேர் ஸ்பானிஷ்ல சில்வண்டுக்கு சிகார்ரான்னு பேரு, உருட்டுன சுருட்டு அந்தப் பூச்சி உடம்பு மாதிரி இருக்குன்னு வந்துச்சும்பாங்க. எனக்கு மாயாதான் சரின்னு படுது, ஏன்னா புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி, 1492ல கொலம்பஸ் ஆளுங்க கியூபாவுல இலையச் சுருட்டி புகைக்கிறதப் பார்த்தப்ப நம்ம பக்கம் புகையிலையே கிடையாது. சுருட்டுறதுங்கிற வினை நம்மகிட்ட பழசு, ஆனா புகைக்கிற சுருட்டுங்கிற பொருள் போர்ச்சுகீசியர் புகையிலையக் கொண்டு வந்த பிறகுதான் வந்திருக்க முடியும், அதனால அந்தக் கதைய கையேட்டுல சேர்க்காதீங்க.

ஆனா நம்ம சுருட்டு இங்கிலீஷுக்குப் போனது உண்மை! ரெண்டு முனையும் மொட்டையா வெட்டின சுருட்டுக்கு அங்க செரூட்னு பேரு, அது தமிழ்ல இருந்து போனதுன்னு அகராதிகளே சொல்லுது. இதையும் சிகாரையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பினதுலதான் அந்தக் கதை கிளம்பியிருக்கும்னு நினைக்கிறேன்.

கையேட்டுல சிகரெட்டுன்னே போடுங்க. சிகரெட்டுக்குத் தமிழ்ல சொல்ற வெண்சுருட்டும் நல்ல சொல்தான், தாளோட வெள்ளையச் சொல்லுது, முதல் தடவை மட்டும் பக்கத்துல போட்டா போதும், ஏன்னா பழக்கத்த விட நினைக்கிற ஒருத்தர் படிக்கும்போது சொல்லுல தடுக்கி நிக்கக் கூடாது. வெறும் சுருட்டுன்னு மட்டும் போட்றாதீங்க, சுருட்டுக்கு மேல சுத்துறதும் புகையிலைதான், சிகரெட்டுக்கு மேல தாள், ரெண்டும் வேற, சிகரெட் பிடிக்கிறவர் இது நமக்குச் சொல்லலன்னு பக்கத்தத் தள்ளிட்டுப் போயிடுவாரு. பீடியையும் தனியாவே சொல்லுங்க. எல்லாத்தையும் சேர்த்துச் சொல்லணும்னா புகையிலைப் பொருள்னு எழுதுங்க.