ஏற்றத்தில் லாரி இழுக்கவில்லையா? ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழற்றும் முன்...

கேள்வி: சங்ககிரியில் சொந்தமாக ஒரு 12 சக்கர லாரி வைத்திருக்கிறேன். 2018 மாடல், பிஎஸ்-4, ஆறு சிலிண்டர் டர்போ டீசல். சிமெண்ட் லோடு ஏற்றிக்கொண்டு பெங்களூரு போகிறோம். சில மாதங்களாகத் தொப்பூர் ஏற்றத்தில் பிக்கப் இல்லை, கரும்புகை தள்ளுகிறது. லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்த வண்டி இப்போது மூன்றரையைத் தாண்டவில்லை. கம்பெனி ஏர் ஃபில்டர் டப்பாவை எடுத்துவிட்டுத் திறந்த கூம்பு ஃபில்டர் மாட்டினால் காற்று தாராளமாகப் போகும், இழுவை கூடும் என்கிறார்கள் பட்டறையில். மாட்டலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் என்ஜினுக்குக் காற்று போதவில்லை என்று பட்டறையில் சொன்னது பெரும்பாலும் சரிதான். டீசல் போகிறது, அதை முழுதாக எரிக்கக் காற்று இல்லை, எரியாத கரி புகையாக வெளியே வருகிறது. ஆனால் இதே என்ஜின் இதே டப்பாவோடுதான் இத்தனை வருடம் அதே ஏற்றத்தை ஏறியது. டப்பா திடீரென்று சின்னதாகிவிடவில்லை. காற்று வரும் வழியில் எங்கோ அடைப்பு இருக்கிறது, இல்லையென்றால் ஒழுகல் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால் போன இழுவை திரும்பி வரும். புதிதாக எதையும் மாட்டத் தேவையில்லை.

ஒரு லிட்டர் டீசல் எரிய குறைந்தது 12 கிலோ காற்று வேண்டும். கன அளவில் அது பத்தாயிரம் லிட்டருக்கும் மேல். லோடில் கரும்புகை இல்லாமல் ஓட அதைவிடவும் கூடுதலாகவே வேண்டும். இவ்வளவு காற்றையும் தூசி இல்லாமல் கொடுக்கத்தான் அந்தப் பெரிய டப்பாவுக்குள் பல சதுர மீட்டர் காகிதத்தை மடித்து வைத்திருக்கிறார்கள். கூம்பு ஃபில்டரில் அந்தப் பரப்பு கிடைக்காது. அது என்ஜின் பக்கத்திலேயே உட்காருவதால் வெளிக்காற்றுக்குப் பதில் சூடான காற்றையும் இழுக்கும். வெளியே 35 டிகிரி, என்ஜின் அருகே 65 டிகிரி என்று வைத்துக்கொண்டால், அதே அளவு காற்றின் எடை ஏறக்குறைய 9 சதவீதம் குறைந்துவிடும். என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ இழுக்கும் சத்தம் பெரிதாகக் கேட்கும், வண்டி பறக்கிற மாதிரி தோன்றும், அவ்வளவுதான்.

தூசிதான் எனக்குப் பெரிய கவலை. நீங்கள் லோடு ஏற்றும் இடத்தில் சிமெண்ட் தூள் மிதந்துகொண்டே இருக்கும். வடிகட்டாமல் உள்ளே போகிற நுண்தூள் முதலில் டர்போவின் கம்ப்ரஸர் இறக்கையை அரிக்கும், அடுத்து பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் லைனரையும் தேய்க்கும். அதன் பிறகு என்ஜின் ஆயில் குடிக்கும். கடைசியில் என்ஜினைப் பிரித்துச் சிலிண்டரைப் புதுப்பிக்கும் போர் வேலைதான்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? டப்பாவின் மேலோ டர்போவுக்குப் போகும் பைப்பின் மேலோ அடைப்பைக் காட்டும் சிறிய இண்டிகேட்டர் இருக்கும். கண்ணாடியில் சிவப்பு தெரிந்தால் ஃபில்டரை மாற்றும் நேரம். இண்டிகேட்டர் உடைந்திருந்தால் கொத்தனார் மட்டம் பார்க்கிற டியூபை வைத்தே அளக்கலாம். நல்ல கனமான டியூபாக, இரண்டு கைகளும் நாலடிக்குக் குறையாமல், யு வடிவில் கேபினுக்குள் கட்டித் தொங்கவிட்டுப் பாதி வரை தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனையை இண்டிகேட்டர் இருந்த துளையில் மாட்டுங்கள், இன்னொரு முனை திறந்தே இருக்கட்டும். லோடோடு ஏற்றத்தில் முழு ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது பக்கத்தில் இருப்பவர் இரண்டு பக்க நீர்மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கட்டும். டர்போ டீசலுக்குப் பொதுவான எல்லை 25 அங்குலம், அதாவது 635 மில்லிமீட்டர். அதற்கு நன்றாகக் கீழே இருந்தால் உங்கள் ஃபில்டர் குற்றவாளி இல்லை. நின்ற இடத்தில் ரேஸ் செய்து பார்ப்பதில் பயனில்லை, லோடு இல்லாமல் டர்போ முழுக் காற்றை இழுக்காது.

ஃபில்டரை வாரம் தவறாமல் கழற்றிக் காற்று அடிக்கும் வழக்கம் பல வண்டிகளில் இருக்கிறது. அதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். டயர் பிடிக்கிற அழுத்தத்தில் கம்ப்ரஸர் காற்றை அடித்தால் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். டயரில் தட்டி உதறினால் ரப்பர் விளிம்பு நெளிந்து ஓரமாகத் தூசி போகும். பெரிய ஃபில்டருக்கு உள்ளே இருக்கும் சின்ன ஃபில்டரைச் சுத்தம் செய்யவே கூடாது, மாற்றத்தான் வேண்டும். டப்பாவின் அடியில் தொங்கும் ரப்பர் வாய் கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கையால் பிதுக்கினால் சேர்ந்த தூசி கொட்ட வேண்டும். அது இல்லாத வண்டியில் எவ்வளவு நல்ல ஃபில்டர் போட்டாலும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

இனி டர்போவுக்கு அப்புறம் உள்ள பாதை. லோடில் மட்டும் புகை, மேட்டில் மட்டும் இழுவைக் குறைவு என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் என் சந்தேகம் இங்கேதான். டர்போவிலிருந்து, அதன் காற்றை ஆற வைக்கும் இன்டர்கூலருக்கும், அங்கிருந்து என்ஜினுக்கும் போகிற ஹோஸ்களைக் கையால் தடவிப் பாருங்கள். எங்காவது எண்ணெய்ப் பசையோடு கரிக்கோடு தெரிந்தால் அங்கே காற்று ஒழுகுகிறது. கிளாம்ப் தளர்ந்திருக்கும், அல்லது ஹோஸின் அடிப்பக்கத்தில், சட்டத்தோடு உரசும் இடத்தில், வெடிப்பு இருக்கும். ஐடிலில் அது மூடிக்கொள்ளும், பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம், ஏறும்போதுதான் வாய் திறக்கும். அதனால்தான் பட்டறையில் நிறுத்திப் பார்க்கும்போது எதுவும் தெரிவதில்லை.

சந்தேகம் தீர, இன்டர்கூலரின் இரு முனையையும் அடைத்து, ரெகுலேட்டர் வைத்து 30 பிஎஸ்ஐ காற்று கொடுத்துவிட்டு வால்வை மூடச் சொல்லுங்கள். முனை அடைப்பானைச் சங்கிலி போட்டுக் கட்டியிருக்க வேண்டும், தெறித்தால் ஆளைக் காயப்படுத்தும். 15 விநாடியில் 5 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கினால் உள்ளே ஒழுகல் உண்டு. உங்கள் வண்டியின் மேனுவலில் வேறு எண் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். சோப்பு நீர் தெளித்தால் இடம் தெரிந்துவிடும்.

இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே டார்ச் அடித்தும் பாருங்கள். சிமெண்ட் தூளும் பூச்சியும் எண்ணெயோடு சேர்ந்து அங்கே அப்பிக்கொள்ளும். டர்போவை விட்டு வரும் காற்று முழு லோடில் 150 டிகிரியைத் தாண்டும், அது ஆறாமல் என்ஜினுக்குள் போனால் மேட்டில் மூச்சு வாங்கத்தான் செய்யும். என்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். அழுத்தமான வாட்டர் சர்வீஸ் வேண்டாம், தகடுகள் மடங்கிவிடும்.

இதற்கு மேலும் மேம்படுத்த ஆசை இருந்தால் செலவழிக்கத் தகுந்த இடம் காற்று வாங்கும் வாய். அது கேபினுக்குப் பின்னால், உயரத்தில், புகைபோக்கிக்கு எட்டாமல் இருக்க வேண்டும். தார்ப்பாய் மடிப்போ பாடியின் முன்சுவரோ அதை நெருக்கக் கூடாது. கிரஷர், குவாரி பக்கம் அதிகம் போகிற வண்டிக்கு வாயின் மேல் தூசியைச் சுழற்றித் தள்ளும் பிரீகிளீனர் கிண்ணம் வைத்தால் ஃபில்டர் நீண்ட நாள் வரும். பெரிய டர்போ, கூடுதல் டீசல் போகும்படி பம்பை ஏற்றி வைப்பது, ட்யூனிங் பெட்டி போன்றவற்றின் பக்கம் போகாதீர்கள். என்ஜினின் சூடு ஏறும். வாகனத்தைப் பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவும் தடுக்கிறது.

ஃபில்டர், ஹோஸ், இன்டர்கூலர் மூன்றும் சரியாக இருந்தும் புகை நிற்கவில்லை என்றால், புகைக் குழாயை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கின் தகடு பாதியில் சிக்கி நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். உள்ளே வருவது சரியாக இருந்தாலும் வெளியே போக வழியில்லாவிட்டால் இதே அறிகுறிதான் தெரியும். அதுவும் சரி என்றால் டர்போ ஷாஃப்ட்டின் ஆட்டம், வால்வு கிளியரன்ஸ், கடைசியாக இன்ஜெக்டர் டெஸ்ட் என்ற வரிசையில் போங்கள். இன்ஜெக்டரை எடுத்தவுடன் கழற்ற விடாதீர்கள். அதுதான் செலவு அதிகமான வேலை, உங்கள் அறிகுறிக்கு அது காரணமாக இருக்கும் வாய்ப்பும் குறைவு.