கவலையில் ஊறும் கார்டிசால் வீக்கத்தைக் குறைக்காதா?

கேள்வி: எனக்கு வயது 47. மறதி நோயில் இருக்கும் மாமியாரை 3 வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சரியான தூக்கம் இல்லை. சில மாதங்களாக விரல் மூட்டுகளில் வலி, வீக்கம். ரத்தப் பரிசோதனையில் சிஆர்பி (உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் புரதம்) கூடியிருக்கிறது. "எல்லாம் டென்ஷன், கார்டிசால் ஏறிவிட்டது" என்கிறார் உறவினர் ஒருவர். வீக்கத்துக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டும் கார்டிசால் மாதிரிதானே? அது ஏறினால் வீக்கம் வடியத்தானே வேண்டும்?

பதில்: முடிச்சு எங்கே இருக்கிறது என்பதைச் சரியாகப் பிடித்துவிட்டீர்கள். உறவினர் சொன்னது பாதிதான் சரி.

கார்டிசால் வீக்கத்தை அடக்கும் ஹார்மோன்தான். சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில் ஊறுகிறது. 1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தால் (மூட்டுகளைத் தாக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) நடக்கவே திணறிய ஒரு பெண்ணுக்கு இதன் நெருங்கிய உறவான கார்டிசோனை ஊசியாகப் போட்டார். சில நாட்களிலேயே அவரால் நன்றாக நடக்க முடிந்தது. 1950-ல் ஹென்ச்சுக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய ஸ்டீராய்டு மாத்திரைகள் அந்த வழியில் வந்தவை.

சரி, பிறகு ஏன் வீக்கம்? ஒரு நாள் பரபரப்பு என்றால் கார்டிசால் ஏறும், வேலையை முடிக்கும், இறங்கும். வருடக்கணக்கில் கவலை நீண்டால், வெள்ளை அணுக்களில் கார்டிசாலைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் மந்தமாகிவிடலாம். மில்லுக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்குக் கொஞ்ச நாளில் சங்குச் சத்தம் காதில் ஏறாமல் போகுமே, அப்படி. இன்னொரு பக்கம், பதற்றத்தில் ஊறும் 'அட்ரினலின்' வகை ஹார்மோன்கள், இன்டர்லூக்கின்-6 போன்ற, வீக்கத்தைத் தூண்டும் அழற்சிப் பொருட்களைக் கூட்டுகின்றன. இந்த இன்டர்லூக்கின்-6 தூண்டுதலில்தான் கல்லீரல் சிஆர்பியைத் தயாரிக்கிறது.

2002-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு உங்கள் நிலைமைக்கு நெருக்கமானது. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருந்த குழந்தைகளின் பெற்றோரிடம் ரத்தம் எடுத்து, ஆய்வகத்தில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைச் சேர்த்துப் பார்த்தார்கள். மற்ற பெற்றோரின் ரத்தத்தில் அது இன்டர்லூக்கின்-6ஐ நன்றாக அடக்கியது. இவர்களுடைய ரத்தத்தில் அவ்வளவாக அடக்கவில்லை.

ஆனால் இதை வைத்து விரல் வீக்கத்தை டென்ஷன் கணக்கில் எழுதிவிடாதீர்கள். எனக்குக் கவலை தருவது அதுதான். காலையில் எழுந்ததும் அரை மணிக்கு மேல் விரல்கள் மடக்க வராமல் இறுகியிருக்கின்றனவா? இரண்டு கைகளிலும் இருக்கிறதா? முடக்குவாதமாக இருக்கலாம். ஈஎஸ்ஆர், ஆர்ஏ ஃபாக்டர், ஆன்டி சிசிபி பரிசோதனைகளோடு ஒரு மூட்டுவாத நிபுணரைப் பாருங்கள். தாமதித்தால் மூட்டு தேய்ந்து கோணிவிடும். மன உளைச்சல் அந்த நோயைக் கிளறிவிடும் என்பது உண்மை. அதனால் வாரத்தில் இரண்டு இரவாவது மாமியார் பக்கத்தில் வேறு ஒருவர் படுக்க ஏற்பாடு செய்யுங்கள். கணவரே செய்யலாமே.

கார்டிசால் டெஸ்ட்டுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். காலையில் உச்சத்திலும் நள்ளிரவில் அடியிலும் இருக்கும் ஹார்மோன் அது. ஒரு தடவை எடுத்த எண்ணை வைத்து டென்ஷனை அளக்க முடியாது.

மெடிக்கல் ஷாப்பில் 'வலி மாத்திரை' என்று சீட்டில்லாமல் தருவதில் சில சமயம் ஸ்டீராய்டும் இருக்கும். வாரக்கணக்கில் சாப்பிட்டால் உங்கள் அட்ரினல் தூங்கிவிடும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். ஏற்கெனவே சாப்பிட்டு வருகிறீர்கள் என்றால் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். அவர் படிப்படியாகக் குறைத்துத் தருவார்.