உங்களுக்குப் பிடித்த ஓவியர்கள் யார், அவர்களை ஏன் பிடிக்கும்?

எந்த ஓவியத்திலும் என் கண் வண்ணத்துக்கு முன் கோட்டைத்தான் தேடும். அதனால் எனக்குப் பிடித்தவர்கள் எல்லோரும் கோட்டை நம்பியவர்களாகவே இருக்கிறார்கள்.

சிறு வயதில் மனங்கவர்ந்தவர் சில்பி. 1919இல் பிறந்த இவர், ஆனந்த விகடனின் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடருக்காகக் கோயில் கோயிலாகச் சென்று, சிற்பங்களின் எதிரே அமர்ந்து வரைந்தார். கருங்கல்லின் சொரசொரப்பையும் கழுத்தணியின் நுணுக்கத்தையும் ஒரே கறுப்பு மையில் பிரித்துக் காட்டிய அந்தப் பொறுமை இன்றும் என்னை வியக்க வைக்கிறது. இலங்கை ஓவியர் ஜோர்ஜ் கீற், கொழும்பில் பொரளை கோதமி விகாரைச் சுவர்களில் தீட்டிய புத்தர் வாழ்வும் அதன் வளைகோடுகளுக்காகவே எனக்குப் பிடிக்கும்.

எங்கள் மண்ணில், யாழ்ப்பாணத்துக் குருநகரில் 1933இல் பிறந்த அ. மாற்கு, சில்பிக்கு நேர் எதிர்த்திசையில் நடந்தவர். உடலையும் முகத்தையும் சில வளைவுகளாகச் சுருக்கிவிட்டு, அந்தச் சுருக்கத்துக்குள்ளேயே துயரத்தை நிறுத்த அவரால் முடிந்தது. சித்திர ஆசிரியராக வாசுகி போன்ற ஓவியர்களை உருவாக்கிய அவருடைய ஓவியங்களிற் பல 1995இல் போரால் நேர்ந்த இடப்பெயர்வோடு போய்விட்டன என்பது யாழ்ப்பாணத்துக்கே பேரிழப்பு.

இன்று நான் அதிகம் திரும்பிப் பார்ப்பது யாழ்ப்பாண ஓவியர் தா. சனாதனனின் 2011ஆம் ஆண்டு நூற்படைப்பான ‘முற்றுப்பெறாத தோம்பு’. தோம்பு என்றால் காணிப் பதிவேடு. வீடிழந்தவர்கள் நினைவிலிருந்து தங்கள் கையாலேயே வரைந்த வீட்டுப்படம், அதையே கட்டடக்கலை முறைப்படி மீள வரைந்த படம், அவர்கள் கதைக்குச் சனாதனன் தீட்டிய பாஸ்டல் (வண்ணக்கோல்) ஓவியம் ஆகிய மூன்றும் அதில் அடுத்தடுத்து வருகின்றன. காணிப் பதிவேடு எல்லைகளையும் உரிமையையும் எழுதி வைக்கும். இந்தத் தோம்போ, விறாந்தையும் குசினியும் கிணற்றடியும் ஒருவர் மனத்தில் எப்படித் தங்கியிருக்கின்றன என்பதைப் பதிந்து வைக்கிறது. கட்டடக்கலைப் படம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், வாழ்ந்தவரின் நடுங்கும் கோட்டில் உள்ள நெருக்கம் அதில் இல்லை. பயிற்சி பெறாத அந்தக் கோட்டைத் திருத்தி மறைத்துவிடாமல், தம் ஓவியத்துக்குச் சமமான இடத்தில் வைத்தாரே, சனாதனனிடம் நான் மிகவும் மதிப்பது அதைத்தான்.