லைஃப் கோச் ஆகணுமா? கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

பதிமூணு வருஷம் மென்பொருள் கம்பெனியில எச்.ஆர். வேலை, அப்புறம் எட்டு வருஷமா கோயம்புத்தூர்ல முழுநேர கோச். அதாவது யோசனை சொல்லாம, கேள்வி கேட்டே ஒருத்தர் தன் இலக்கைத் தானே தெளிவாக்கிக்க உதவுற வேலை. எட்டு மணி வரைக்கும் இங்க இருப்பேன். விக்கிறதுக்கு என்கிட்ட கோர்ஸ் எதுவும் இல்லை.

திருச்சி வாசகர்: கோச் ஆக என்ன படிக்கணும் மேடம்?

சட்டப்படி ஒண்ணும் வேண்டாம். நம்ம நாட்டுல நாளைக்கே வாசல்ல போர்டு மாட்டலாம், லைசென்ஸ் எங்கேன்னு யாரும் கேக்க மாட்டாங்க. வசதியும் அதுதான், வினையும் அதுதான்.

கம்பெனிகள் கேக்குற சான்று பெரும்பாலும் ஐசிஎஃப், அதாவது இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷன் தர்றது. 1995ல அமெரிக்காவுல ஆரம்பிச்ச அமைப்பு. அவங்க சான்றுல மூணு படி, ஏசிசி, பிசிசி, எம்சிசின்னு: முதல் படி ஏசிசிக்கு 60 மணி நேரப் பயிற்சி, 100 மணி நேர செஷன் அனுபவம். பிசிசிக்கு 125, 500. எம்சிசிக்கு 200, 2,500. ஏசிசி கேக்குற 100 மணி நேரத்துல 75 மணி நேரம் காசு வாங்கிப் பண்ணினதா இருக்கணும். மச்சான், சித்தப்பா பையன்னு இலவசமா உக்கார வச்சு 25ஐத் தாண்டிட்டு, அங்கேயே நிக்கிறவங்க நிறைய பேர். எவ்வளவு காசு வாங்கணும்னு விதி இல்லை. நான் ஒரு மணி நேரத்துக்கு 200 ரூபாய்ல ஆரம்பிச்சேன்.

கடன் வாங்கி கோர்ஸ்ல சேராதீங்க. இதை இன்னும் நாலு தடவை சொல்லுவேன்.

சேலம்: கவுன்சிலிங்கும் இதுவும் ஒண்ணுதானே?

இல்லைங்க. இதைக் கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

ஆரம்ப காலத்துல ஒருத்தர் வந்தார், புரமோஷன் கிடைக்கலைங்கறதுதான் விஷயம். முதல் ரெண்டு செஷன் இலக்கு, திட்டம்னு நல்லாத்தான் போச்சு. மூணாவதுல, மூணு வாரமாத் தூக்கமே இல்லைன்னார். பேச்சோட பேச்சா, "நான் இருந்து யாருக்கு என்ன?"ன்னும் சொன்னார். எனக்குக் கை சில்லுன்னு ஆயிடுச்சு. என் நோட்டுல இருந்த எந்தக் கேள்வியும் அதுக்கு உதவாது. செஷனை அங்கேயே நிறுத்தி, வீட்டுக்குப் போன் பண்ணவான்னு அவர்கிட்டயே கேட்டேன். மறுநாள் மனநல மருத்துவர்கிட்ட அவரோட நானும் போனேன்.

மனநோயைக் கண்டுபிடிக்கிறதும் சிகிச்சை தர்றதும் நம்ம வேலை இல்லை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்ல பதிவு இருக்கணும், உங்களுக்கும் எனக்கும் அது கிடையாது. அரசோட மனநல உதவி எண், டெலி மானஸ், 14416, இலவசம். சுவத்துல ஒட்டி வச்சுக்குங்க.

ஓசூர்: மாசம் எவ்வளவு வரும்?

முதல் வருஷம் பூராவும் எனக்கு வந்தது பழைய மூணு மாசச் சம்பளம். நாலாவது வருஷம்தான் மூச்சு விட்டேன், அதுவும் கம்பெனிகள் மேனேஜர்களை அனுப்பினதால. வேலையை விடாம சனி, ஞாயிறு பண்ணிப் பாருங்க. வருஷ வரவு 20 லட்சம் தாண்டினா ஜிஎஸ்டி பதிவு. அந்தக் கவலை வர்றப்போ வரட்டும்.

விருதுநகர்: சர்டிஃபிகேட் இல்லாம பண்ணலாமா?

திருச்சிக்காரருக்குச் சொன்னதைப் படிங்க.

தஞ்சாவூர்: ரெண்டு நாள்ல என்எல்பி மாஸ்டர்னு விளம்பரம் வருது?

நியூரோ லிங்விஸ்டிக் புரோகிராமிங், பேச்சையும் நினைப்பையும் மாத்தி ஆளையே மாத்தலாம்னு சொல்ற முறை. 1970கள்ல கலிஃபோர்னியாவுல முளைச்சது. அறிவியல் ஆதாரம் ரொம்ப பலவீனம். ரெண்டு நாள்ல பரோட்டா மாஸ்டர்கூட ஆக முடியாது.

கோச் பயிற்சி நடத்துறவராம், சென்னை: புதுசா வர்றவங்களை ஏன் பயமுறுத்துறீங்க? நான் 40 பேரை கோச் ஆக்கியிருக்கேன்.

சந்தோஷம். அதுல எத்தனை பேருக்கு, கோச் ஆகணும்னு நினைக்காத ஒரு சாதாரண க்ளையண்ட் இருக்காங்க?

அவரே: பல பேர் சொந்தமா பயிற்சி நடத்துறாங்க மேடம்!

அதைத்தான் கேட்டேன்.

பெருந்துறை: அக்கா, இது எங்க ஊர் ஈமு கோழிப் பண்ணைக் கதை. கறி வாங்க ஆளில்லை, குஞ்சு வாங்க மட்டும் கூட்டம். 2012ல மொத்தமும் கவுந்துச்சு.

இதைவிடத் தெளிவா என்னால சொல்ல முடியாது.

சென்னைக்காரர்: அசிங்கமான ஒப்பீடு. நர்சிங் காலேஜ்லயும் சொல்லிக்கொடுத்துச் சம்பாதிக்கிறாங்களே?

நியாயமான கேள்வி, அதனால கோபப்படாமப் பதில் சொல்றேன். நர்சிங் காலேஜுக்கு வெளியே ஆஸ்பத்திரி இருக்கு, அதுல நோயாளி இருக்கான். படிச்சவங்க எல்லாரும் திரும்ப நர்சிங் காலேஜே ஆரம்பிச்சா அந்தத் தொழில் நிக்குமா? சொல்லிக்கொடுக்கிறதைத் தப்புன்னு சொல்லலை. உங்ககிட்ட படிச்சவங்கள்ல எத்தனை பேருக்கு சாதாரண க்ளையண்ட் இருக்காங்கங்கற கணக்கை, சேர வர்றவங்ககிட்ட காட்டிட்டு பணம் வாங்குங்க.

(அவர் இன்னும் ஆறு பதிவு போட்டார். நாலு வாழ்க்கை மாற்றக் கதை, ரெண்டு என் தகுதியைப் பத்தி. விட்டுட்டேன்.)

நாகர்கோவில்: எந்த கோர்ஸ் நல்லது?

பெயர் சொல்ல மாட்டேன். சேர்றதுக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்க: நான் பண்ற செஷனை உக்காந்து கேட்டுத் தப்பு சொல்ல யார் இருக்காங்க? பதில் மழுப்பலா வந்தா எழுந்து வந்துடுங்க.

கரூர்: டிகிரி கட்டாயமா?

திருச்சி. மேலே. முதல் கேள்வி.

திண்டுக்கல்: ரிட்டயர் ஆன ஆசிரியை நான். ஊரே என்கிட்டத்தான் யோசனை கேக்கும். எனக்கு இது சுலபமா வருமா?

உங்களுக்குத்தான் கஷ்டம் டீச்சர், கோவிச்சுக்காதீங்க. யோசனை சொல்ற பழக்கம் லேசுல போகாது. இந்த வாரம் யாராவது வந்தா அரை மணி நேரம் கேள்வி மட்டும் கேளுங்க, "நான் என்ன சொல்றேன்னா"ன்னு ஆரம்பிக்காதீங்க. எத்தனாவது நிமிஷத்துல நாக்கு துறுதுறுன்னுச்சுன்னு எழுதி வைங்க. என்னோடது நாலாவது நிமிஷம்.

திருப்பூர்: ராத்திரி 12 மணிக்குள்ள கட்டினா கோர்ஸ் பாதி விலை, 45,000. கிரெடிட் கார்டுல போடட்டுமா மேடம்?

இவ்வளவு நேரம் நான் யார்கிட்டங்க பேசிட்டு இருந்தேன்? போடாதீங்க. நாளைக்குக் காலையில அந்த விளம்பரத்தைத் திறந்து பாருங்க, அதே பாதி விலை இருக்கும். எட்டு மணி ஆச்சு, நான் கிளம்புறேன்.