லோயர் செய்த காரை ஆட்டோமேட்டிக் கார் வாஷில் விடலாமா?

ஸ்பிரிங் மாற்றிக் காரை 40 மி.மீ. இறக்கியிருக்கிறீர்கள், முன் பம்பருக்குக் கீழே லிப் என்னும் தாழ்வான பட்டையும் மாட்டியிருக்கிறீர்கள், இனி ஆட்டோமேட்டிக் கார் வாஷுக்குள் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சில வகை வாஷில் போகலாம், சிலவற்றின் பக்கமே போகக் கூடாது. கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் காரின் அடிப்பக்கத்துக்கும் இடையே உள்ள இடைவெளி) இத்தனை என்று ஒரு எண்ணை வைத்து மட்டும் இதை முடிவு செய்ய முடியாது. காரில் மிகத் தாழ்வாக இருக்கும் இடம் எது, உள்ளே போகும்போது அந்த இடம் எதன் மேல் கடக்கிறது, இரண்டும் தெரிய வேண்டும்.

ஆறு வருடமாக இறக்கிய கார்தான் ஓட்டுகிறேன். முதல் வருடம் நடந்ததைச் சொன்னால் உங்களுக்குப் பயன்படும். ஒரு டனல் வாஷ். சக்கரத்தை ஒரு தடத்தில் ஏற்றிவிட்டால் கன்வேயர் காரை இழுத்துக்கொண்டு போகுமே, அந்த வகை. நுழைவாயிலில் இறங்கி, தடத்தின் இரண்டு பக்கமும் இருந்த இரும்பு ரெயிலின் உயரத்தை அளந்தேன். என் லிப் அதற்கு மேலே இரண்டு விரல் இடைவெளி விட்டுத் தாண்டும் என்று பார்த்துவிட்டுத்தான் ஏறினேன். லிப் சுத்தமாகத் தாண்டியது. அடுத்த சில நொடிகளில் முன் சக்கரத்துக்குப் பின்னாலிருந்து மரத்தை முறிப்பது போல ஒரு சத்தம். அங்கிருந்தவர் ஓடிப்போய் ஸ்டாப் பட்டனை அழுத்தினார். இறங்கிப் பார்த்தால், கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் சைடு ஸ்கர்ட் பட்டையின் முன் மூலை கிளிப்பிலிருந்து பிய்ந்து வெளியே துருத்திக்கொண்டு நின்றது. சக்கரத்தைத் தள்ளுவதற்காகத் தரையிலிருந்து எழும்பி வரும் ரோலர், டயரைத் தொடுவதற்கு முன்னால் ஸ்கர்ட்டைத் தொட்டுவிட்டது.

நான் அளந்தது சரி, அளந்த இடம்தான் தவறு. ரெயில் அசையாமல் இருக்கும் பொருள். ரோலர் அப்படி இல்லை, சக்கரம் கடந்த பிறகு அதன் பின்னால் மேலெழும்பி வரும். இறக்கிய காரில் அந்த நேரத்தில் அதற்கு நேர் மேலே இருப்பது ஸ்கர்ட்டின் முனை. டனல் வாஷ் பற்றிப் பேசுகிற பலர் லிப்பைப் பற்றி மட்டும் கவலைப்படுவார்கள். தயவுசெய்து சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த ஒரு சாண் இடத்தையும் பாருங்கள்.

சரி, எப்படி அளப்பது? சமதளத்தில் காரை நிறுத்துங்கள். டயரில் காற்று சரியாக இருக்கட்டும், டேங்க் நிறைந்திருக்கட்டும், நீங்கள் வழக்கமாக எத்தனை பேருடன் போவீர்களோ அத்தனை பேரையும் உட்கார வையுங்கள். காலியாக நிற்கும் காரை அளந்தால் வரும் எண் உங்களை ஏமாற்றிவிடும். பிறகு முன்னாலிருந்து பின்னால் வரை ஒவ்வொரு இடமாகப் பாருங்கள்: லிப், என்ஜினுக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் கவர், சப்ஃபிரேம் (என்ஜினையும் சஸ்பென்ஷனையும் தாங்கும் சட்டம்), எக்ஸாஸ்ட் குழாயின் இணைப்பு, நடு சைலன்சர், ஸ்கர்ட், பின் பம்பருக்கு அடியில் இருக்கும் டிஃப்யூசர் தகடு. பல கார்களில் லிப்பை விட எக்ஸாஸ்ட் இணைப்புதான் தாழ்வாக இருக்கும். 

கிடைத்ததில் மிகக் குறைந்த உயரத்துக்கு ஒரு மரக்கட்டையை வெட்டி டிக்கியில் போட்டு வைத்திருக்கிறேன். புதிய வாஷ் எதற்குப் போனாலும் முதலில் காரை வெளியே நிறுத்திவிட்டு, கட்டையை எடுத்துக்கொண்டு பாதையை நடந்து பார்ப்பேன். ரெயில் பக்கத்தில் வைப்பேன், சக்கரம் நிற்கும் மேட்டின் பக்கத்தில் வைப்பேன், வடிகால் மூடியின் விளிம்பில் வைப்பேன். கட்டையை விட எது உயர்ந்து நின்றாலும், அது காருக்கு அடியில் வரும் இடமா என்று பார்க்க வேண்டும். டேப் வைத்து எண்ணாகப் படிப்பதை விட இது வேகமானது, தவறும் குறைவு.

இன்னொன்று, பிரேக். நுழைவாயிலில் சட்டென்று பிரேக் மிதித்தால் முன்பக்கம் குனியும். மென்மையான ஸ்பிரிங்காக இருந்தால் கட்டையால் அளந்த இடைவெளி அந்த ஒரு நொடியில் காணாமல் போய்விடும். நடக்கும் வேகத்தில், பிரேக்கில் லேசாகக் காலை வைத்தபடி உருட்டிக்கொண்டு போங்கள்.

உயரம் போதுமானதாக இருந்தாலும் சரிவு கெடுத்துவிடலாம். முன் டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து லிப்பின் நுனி 90 செ.மீ. முன்னால் இருக்கிறது, லிப் 10 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய 6 டிகிரி சரிவிலேயே லிப் தரையைத் தொட்டுவிடும். அதாவது 9 அடி தூரத்துக்கு 1 அடி ஏறும் சரிவு. கண்ணுக்கு அது சரிவாகவே தெரியாது. ஏறி முடிந்து தளம் சமமாகும் இடத்தில் காரின் வயிறு தட்டும். இரண்டு அச்சுகளுக்கும் இடையில் 2.6 மீட்டர், நடுவில் 11 செ.மீ. உயரம் என்றால், இரண்டு தளங்களும் ஏறக்குறைய 10 டிகிரி கோணத்தில் சந்திக்கும் முகடு வரைதான் தாங்கும். வீட்டு வாசலில் காரைக் குறுக்காகத் திருப்பி ஒவ்வொரு சக்கரமாக ஏற்றுவோமே, அந்த வித்தை டனலில் நடக்காது, ரெயில் நேராகத்தான் போக விடும்.

இப்போது வாஷ் வகைகள். ரோலர் வைத்துத் தள்ளும் டனல், இறக்கிய காருக்கு மிக ஆபத்தானது. அதிலேயே இன்னொரு வகை உண்டு. அகலமான தட்டை பெல்ட் ஒன்றின் மேல் கார் அப்படியே நிற்கும், பெல்ட் நகரும். தள்ளும் ரோலர் கிடையாது, ஒற்றைச் சக்கரத் தடமும் கிடையாது. பிரஷ்ஷில் விட்டே ஆக வேண்டும் என்றால் இதைத் தேடிப் பிடியுங்கள். கார் ஓரிடத்தில் நிற்க, வளைவு போன்ற சட்டம் முன்னும் பின்னும் நகர்ந்து கழுவும் வகையில் ரோலர் பிரச்சினை இல்லை. ஆனால் எங்கே நிற்பது என்று காட்டுவதற்குத் தரையில் ஒரு மேடு இருக்கும் இடங்கள் உண்டு. முன் சக்கரம் அதன் மேல் ஏறி இறங்கி நிற்க வேண்டும், அந்த மேட்டை முதலில் தாண்டுவது உங்கள் லிப். கட்டையை வைத்துப் பார்க்க வேண்டிய முதல் இடம் இதுதான்.

டச்லெஸ் என்று சொல்லும், பிரஷ்ஷே இல்லாமல் தண்ணீரும் ரசாயனமும் மட்டும் அடிக்கும் வகையைப் பலர் இறக்கிய காருக்குப் பரிந்துரைப்பார்கள். லிப், விங் எதையும் அது பிடித்து இழுக்காது, உண்மைதான். ஆனால் தேய்க்காமல் அழுக்கை எடுக்க வேண்டும் என்பதால் அங்கே ரசாயனம் வீரியமாக இருக்கும். மெழுகுப் பூச்சைச் சீக்கிரம் கழற்றிவிடும். லாக்கர் (மேலே அடிக்கும் பாதுகாப்புப் பூச்சு) பூசாத பாலிஷ் அலுமினிய ரிம், அனோடைஸ் செய்த நட்டுகள் இருந்தால் அவை மங்கிப் போகும். ஸ்டிக்கர் ராப் ஒட்டியிருந்தால் அழுத்தத் தண்ணீர் ஓரங்களைத் தூக்கிவிடும். எப்போதாவது ஒரு முறை என்றால் பரவாயில்லை, வாரா வாரம் என்றால் வேண்டாம்.

வீல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காரை இறக்குகிறவர்கள் பெரும்பாலும் அகலமான ரிம்மும் போடுகிறோம். டயரின் பக்கச் சுவரை விட ரிம் வெளியே இருந்தால், அல்லது ரிம்மை விடக் குறுகிய டயரை இழுத்து மாட்டியிருந்தால், ரெயிலில் முதலில் உரசுவது ரிம்மின் விளிம்புதான். சாதாரண காரில் அந்த உரசலை ரப்பர் வாங்கிக்கொள்ளும். இது மாற்றம் செய்த கார்களின் பிரச்சினை மட்டும் இல்லை. செவ்ரோலே கார்வெட்டின் ஓனர்ஸ் மேனுவலே, அடிப்பக்க இடைவெளி போதாது, பின் டயர் அகலம் என்ற காரணங்களைச் சொல்லி ஆட்டோமேட்டிக் வாஷ் வேண்டாம் என்கிறது. கம்பெனியிலிருந்து அப்படியே வரும் காருக்கே இந்த எச்சரிக்கை. உங்கள் டயர் அகலமும் ரிம்மும் மாறியிருந்தால் ரெயில் உள்ள வாஷ் எதிலும் விடாதீர்கள். கிளியரன்ஸ் இருந்தாலும் விடாதீர்கள்.

ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பையால் காரைத் தூக்கி இறக்கும் அமைப்பு) வைத்திருப்பவர்களுக்குச் சுலபம், தூக்கிவிட்டுப் போய்விடலாம் என்பார்கள். தூக்கலாம்தான். ஆனால் உள்ளே போன பிறகு அந்த உயரம் நிற்குமா என்று முதலில் வீட்டில் சோதித்துப் பாருங்கள். சில சிஸ்டம் இக்னிஷனை அணைத்ததும் தானாக இறக்கிவிடும். மெல்லிய கசிவு இருந்தால் சில நிமிடங்களிலேயே ஒரு மூலை தாழும். காரைத் தூக்கி நிறுத்தி, நான்கு வீல் ஆர்ச்சின் உயரத்தையும் குறித்துக்கொண்டு, இருபது நிமிடம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். ஒரு மூலை இறங்கியிருந்தால் கசிவைச் சரி செய்யும் வரை டனல் வேண்டாம்.

உள்ளே போவதற்கு முன் செய்ய வேண்டியவை எல்லாக் காருக்கும் பொதுவானவை. கன்வேயர் என்றால் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் விடுவித்திருக்க வேண்டும், நின்றதும் தானாக பிரேக்கைப் பிடித்து வைக்கும் ஆட்டோ ஹோல்டு அணைந்திருக்க வேண்டும், மழை சென்சார் வைப்பர் அணைந்திருக்க வேண்டும். என்ஜினை அணைத்தால் தானாகப் பார்க்கில் விழும் கார்கள் உண்டு, அப்படிப்பட்ட காரில் இக்னிஷன் ஓடிக்கொண்டே இருக்கட்டும். டெஸ்லாவில் இதற்கென்றே கார் வாஷ் மோடு இருக்கிறது. பெரிய விங், நீளமான ஆன்டெனா இருந்தால் பிரஷ் உள்ள இடத்துக்குப் போகாதீர்கள்.

அங்கிருப்பவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். "லோயர் பண்ண வண்டி, ஸ்கர்ட் இவ்வளவு தாழ்வா இருக்கு, ரோலர் எவ்வளவு உயரம் வரும்?" என்று கேட்டால், நாள் முழுக்க அதைப் பார்க்கிறவர் ஒரு பார்வையிலேயே சொல்லிவிடுவார். என் ஸ்கர்ட் பிய்ந்த அன்று நான் கேட்டிருந்தால் அவரே தடுத்திருப்பார், பிறகு அதை அவரே சொன்னார். வாசலில் போர்டு இருந்தால் அதையும் படியுங்கள். வெளியிலிருந்து வாங்கி மாட்டிய பாகங்களுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று பல இடங்களில் எழுதி வைத்திருப்பார்கள். லிப்பும் ஸ்கர்ட்டும் அந்தக் கணக்கில்தான் வரும்.

எல்லாம் பார்த்துவிட்டுப் போனாலும், முதல் தடவை லிப்பின் அடிப்பக்கத்தில் பெயின்டர்கள் ஒட்டும் மாஸ்கிங் டேப்பை ஒரு வரி ஒட்டிக்கொள்ளுங்கள். வெளியே வந்ததும் குனிந்து பாருங்கள். டேப் அப்படியே இருந்தால் அந்த இடம் உங்கள் காருக்குச் சரி. சுருண்டிருந்தால் எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது என்று பார்த்தாலே உரசியது எங்கே என்று தெரிந்துவிடும்.

நான் இப்போது பெரும்பாலும் போவது, நாமே அழுத்தக் குழாயைப் பிடித்துக் கழுவும் செல்ஃப் சர்வீஸ் இடத்துக்குத்தான். தரை சமம், தள்ளும் பொருள் எதுவும் இல்லை, நுழையும் இடத்தின் விளிம்பை மட்டும் கட்டையால் பார்த்தால் போதும். முதலில் வெறும் தண்ணீரால் மணலை இறக்கிவிட்டு, பிறகு நுரை, பிறகு இரண்டு வாளி: ஒன்றில் ஷாம்பு, மற்றதில் கையுறையை அலசத் தண்ணீர். இறக்கிய காரில் தரை மணல் கதவின் கீழ்ப்பாதியிலும் ஸ்கர்ட்டிலும் அதிகம் ஒட்டும். அதனால் மேலிருந்து கீழே வாருங்கள், கதவின் கீழ்ப்பாதிக்கும் ஸ்கர்ட்டுக்கும் வேறு கையுறை வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தேய்த்த கையுறையோடு பானட்டுக்குப் போனால் மெல்லிய வட்டக் கீறல்கள் விழும், வெயிலில் நிறுத்தினால் அத்தனையும் தெரியும். குழாயின் நுனியை பெயின்டிலிருந்து ஒரு அடி தள்ளியே பிடியுங்கள்.

நீங்கள் ஸ்பிரிங் மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். பிறகு காயில்ஓவருக்கு (வளையத்தைத் திருகி உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் அப்சார்பர் தொகுப்பு) போனால், சக்கரத்துக்குள் பார்த்து அதன் மரைகளில் தண்ணீரை ஓட விடுங்கள். மணலும், பனி ஊர்களில் சாலை உப்பும் அங்கே போய் உட்கார்ந்து, ஒரு வருடத்தில் உயரம் மாற்றும் வளையத்தை அசையாமல் பிடித்துக்கொள்ளும். அழுத்தத்தைக் குறைத்து, சாய்வாக அடியுங்கள். ஏர் சஸ்பென்ஷனின் காற்றுப் பையின் ரப்பர் மடிப்பிலும் பேரிங் சீலிலும் நேராக அடிக்க வேண்டாம். கழுவி முடித்ததும் ஒரு சுற்று ஓட்டி, நாலைந்து தடவை மெதுவாக பிரேக் பிடித்து டிஸ்க்கைக் காய விட்ட பிறகு நிறுத்துங்கள், இல்லையென்றால் மறுநாள் காலையில் டிஸ்க்கில் துரு படிந்திருக்கும்.