மொட்டை மாடி ஆண்டெனாவில் மேகப் படம்: நான்கு கேள்விகள்

பழைய வீடியோ ஒன்றைப் பார்த்து ஆண்டெனா செய்தேன். அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள் நோவா 19-க்காக மூன்று நாள் காத்திருந்தும் வெறும் இரைச்சல்தான். எங்கே தப்பு?

தப்பு உங்கள் மேல் இல்லை. நோவா 18-ஐ 2025 ஜூனிலும், 19, 15 இரண்டையும் அதே ஆண்டு ஆகஸ்டிலும் நிறுத்திவிட்டார்கள். அவற்றின் சிக்னலில் கேட்கும் அந்த 'டிக்டாக்' சத்தம் போனதில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் ஆண்டெனாவைப் பிரித்துவிடாதீர்கள்! ரஷ்யாவின் வானிலைச் செயற்கைக்கோள்கள் மெட்டியோர் எம்2-3, எம்2-4 இரண்டும் அதே 137 மெகாஹெர்ட்ஸ் பக்கம்தான், பெரும்பாலும் 137.9-ல், அனுப்புகின்றன. இது டிஜிட்டல், காதுக்கு இரைச்சலாகவே கேட்கும். சிக்னலைப் படமாக்கும் சாட்டம்ப் (SatDump) மென்பொருளின் திரையில் சிதறிக் கிடக்கும் புள்ளிகள் நாலு கொத்தாகச் சேர்ந்தால் சிக்னல் பிடித்துவிட்டது என்று அர்த்தம். நோவா படத்தில் ஒரு புள்ளி தரையில் 4 கி.மீ., இதில் 1 கி.மீ., அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

அளவு எவ்வளவு? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

இது 'வி' வடிவ ஆண்டெனா. கை ஒவ்வொன்றும் 53.4 செ.மீ., நடுவே 120 டிகிரி. அலுமினியக் கம்பி இரண்டு, ஒயர் இணைக்கும் சாதாரண கனெக்டர் ஒன்று, பிவிசி குழாய், அவ்வளவுதான். அரை சென்டிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் குடி முழுகிவிடாது. முக்கியமானது வேறு: 'வி'யைப் படுக்கை வாட்டில் வைத்து அதன் வாய் வடக்கையோ தெற்கையோ பார்க்கும்படி கட்டுங்கள், ஏனென்றால் இந்தச் செயற்கைக்கோள்கள் துருவத்திலிருந்து துருவத்துக்குப் போகிறவை, நிமிர்த்திக் கட்டினால் தரையில் உள்ள ஒலிபரப்பெல்லாம் முதலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கேபிள் டிவி ஒயரே போதும். அந்த ஒயர் 75 ஓம், ரேடியோ ஒயர் 50 ஓம் என்ற வித்தியாசத்துக்கெல்லாம் தூக்கம் கெட வேண்டாம்.

படத்தில் கறுப்புக் கோடுகள் விழுகின்றன. சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர் வாங்கட்டுமா?

பொறுங்கள். முதலில் வீட்டு எல்இடி பல்புகளையும் மொபைல் சார்ஜர்களையும் அணைத்துப் பாருங்கள். எங்கள் மாடிப்படி பல்பு ஒன்று ஒரு மாதம் என்னை அலைக்கழித்தது, நான் கம்பியை வெட்டி வெட்டிச் சரிசெய்துகொண்டிருந்தேன். அப்புறம், பக்கத்தில் எஃப்எம் கோபுரம் இருந்தால் ஆம்ப்ளிஃபையர் நிலைமையை மோசமாக்கும். ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் எஃப்எம் அலைகளைத் தடுக்கும் ஃபில்டர் போட வேண்டும். கோடுகள் படத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் என்றால் அது ஆண்டெனா குற்றமே இல்லை, செயற்கைக்கோள் அடிவானத்தில் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்திருக்கும்.

இதிலேயே நம் நாட்டுச் செயற்கைக்கோள் இன்சாட்டின் படமும் வருமா?

வராது. அது 36,000 கி.மீ. உயரத்தில் ஒரே இடத்தில் நிற்பது, அலைவரிசையும் வேறு, டிஷ் வேண்டும். டிஷ் வரை போவதென்றால் கொரியாவின் வானிலைச் செயற்கைக்கோள் ஜிகே-2ஏ-வை முயலுங்கள், 1692 மெகாஹெர்ட்ஸ், கிழக்கு வானத்தில் மரம் மறைக்காமல் இருந்தால் சரி.